செய்தி அனுப்பவும் ஒரு நேரம் உண்டு

புறக்கோட்டையில் மாலை ஆறு மணி கடந்ததும் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். இறங்கிய ஷட்டரைத் தட்டி, "முதலாளி, அந்தப் புடைவைக் கட்டு என்ன விலை?" என்று கேட்பவர் எவருமில்லை. கேட்டால் மூளை பிசகியவர் என்று நினைப்பார்கள். ஆனால் அதே கேள்வியை இரவு 11 மணிக்கு அதே முதலாளியின் கையடக்கத் தொலைபேசிக்கு அனுப்புவதில் பலருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கடைக் கதவுக்குக் கொடுக்கும் மரியாதை, மனிதர் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் தொலைபேசிக்குக் கிடைப்பதில்லை.

இது ஒரு சின்ன விஷயம்தானே என்று சிலர் நினைக்கலாம். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கடை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சின்ன விஷயத்தால் பல வருட வாடிக்கையாளர் கைவிட்டுப் போனதையும், நம்பிக்கையான ஊழியர் விலகிப் போனதையும், குடும்பத்துக்குள் வீண் சந்தேகம் வந்ததையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே இவ்வாரம் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

செய்தி இலவசம், விலை கட்டுவது யார்?

உலகின் முதலாவது எஸ்.எம்.எஸ். செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு நத்தார் வாழ்த்து. அதன் பின்னர் பல வருடங்களாக ஒரு குறுஞ்செய்திக்கு 160 ஆங்கில எழுத்துகள்தான் எல்லை. தமிழில் எழுதினால் அந்த எல்லை 70 குறிகளாகச் சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்கிட்டுக் காசு வெட்டுவார்கள். அதனால் அந்தக் காலத்தில் அனுப்புபவர் யோசித்தார். இது தேவைதானா, நாளைக்கு நேரில் சொல்லலாமா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

2009 இல் வட்ஸ்அப் வந்தது. கொஞ்ச காலத்தில் செய்திக்குத் தனிக் கட்டணம் என்ற கதையே இல்லாமல் போய்விட்டது. படம், குரல்பதிவு, காணொளி எல்லாம் அனுப்பலாம். 2014 நவம்பரில் நீல நிற இரட்டைச் சரிக்குறியும் வந்தது. "வாசித்துவிட்டார், பதில் போடவில்லை" என்ற மனத்தாங்கலும் அதோடு சேர்ந்து வந்தது. 2020 இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில் கடையைத் திறக்க முடியாமல் வட்ஸ்அப்பில் ஓர்டர் எடுத்துப் பழகினோம். ஊரடங்கு போய்விட்டது. நேரம் காலம் இல்லாமல் செய்தி அனுப்பும் பழக்கம் எம்மிடம் தங்கிவிட்டது.

வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு தெரியும். எந்தப் பொருளும் உண்மையில் இலவசமில்லை; ஒருவர் கட்டாவிட்டால் இன்னொருவர் கட்டுகிறார். செய்திக்கும் அதுதான். முன்பு அனுப்புபவர் காசாகக் கட்டினார். இப்போது பெறுபவர் தூக்கமாகவும் மனநிம்மதியாகவும் கட்டுகிறார். ஒரு பொருளின் விலையை அடுத்தவர் தலையில் போடும்போது அவருடைய வசதியைக் கேட்டுக்கொள்வது நியாயம். இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்: செய்தி எம்முடையது, ஆனால் அது போய்ச் சேரும் நேரம் பெறுபவருடையது.

யாருக்கு எது காலை, யாருக்கு எது இரவு?

இரவு 9 மணிக்குப் பின் அனுப்பக் கூடாது, காலை 8 மணிக்கு முன் அனுப்பக் கூடாது என்று ஒரு பொது விதி சொல்லிவிட்டுப் போகலாம். அநேகருக்கு அது பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது.

பேலியகொடை மீன் சந்தையில் மொத்த வியாபாரம் சூடு பிடிப்பது ஊர் தூங்கும் நேரத்தில். அங்கேயே இடம்மாறிய மெனிங் சந்தையின் மரக்கறி வியாபாரிக்கும், தம்புள்ளையிலிருந்து லொறி ஏற்றிவரும் சாரதிக்கும் விடியற்காலை என்பது உச்ச வேலை நேரம். அவர்களுக்கு அதிகாலை 3 மணிக்கு விலை கேட்டு அனுப்பினால் உடனே பதில் வரும். பகல் 11 மணிக்கு அனுப்பினால் அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. ஆகவே மணிக்கூட்டைப் பார்ப்பதற்கு முன்னர் ஆளின் தொழிலைப் பார்க்க வேண்டும்.

எம்மவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸுபஹுக்கு எழும்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு 5 மணி என்பது நாள் தொடங்கிவிட்ட நேரம். தொழுதுவிட்டு வந்து, தேநீரைக் குடித்துக்கொண்டு, அன்றைய கொள்வனவுப் பட்டியலை அனுப்பத் தோன்றும். மூளை தெளிவாக இருக்கும் நேரமும் அதுதான். ஆனால் மறுமுனையில் இருப்பவர் மஹரகமையில் ஆடை தைத்துக் கொடுக்கும் சிங்களச் சகோதரராக இருக்கலாம். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் தமிழ்ச் சகோதரராக இருக்கலாம். முந்திய இரவு ஒரு மணி வரை தையல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் படுத்தவராகவும் இருக்கலாம். நாம் விழித்திருக்கிறோம் என்பது அவரை எழுப்புவதற்கு அனுமதி ஆகாது.

நேரம் என்றால் மணி மட்டுமல்ல, நாளும்தான். வெள்ளிக்கிழமை 12 மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் அவசரப் பதில் எதிர்பார்ப்பது எவ்வளவு பொருத்தமற்றதோ, அதே அளவு பொருத்தமற்றது போயா தினத்தில் சில் அனுட்டிக்கும் ஒருவரிடம் நிலுவைக் கணக்குக் கேட்பது. சித்திரைப் புத்தாண்டில் புண்ணிய காலம் என்று சில மணித்தியாலங்களுக்கு வேலைகளை நிறுத்தி வைப்பார்கள். பின்னர் சுபநேரம் பார்த்துத்தான் முதல் கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். அந்த நேரத்தில் போய்ச் சேரும் கடன் செய்தி அவருக்கு எவ்வளவு மனக் கஷ்டத்தைக் கொடுக்கும்! பல இனத்தவரோடு வியாபாரம் செய்யும் எமக்கு இந்தப் பஞ்சாங்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் இரவு பகலாக மாறிவிடும். தராவீஹ், ஸஹர் என்று இரவில் விழித்திருப்போம். "எப்படியும் முழித்துத்தானே இருப்பார்" என்று இரவு 1 மணிக்கு ஸ்டொக் விபரம் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அவர் விழித்திருப்பது இபாதத்துக்காக. எமது ஸ்டொக்குக்காக அல்ல. அதேபோல ஸஹர் செய்து ஸுபஹ் தொழுதுவிட்டுச் சற்றுக் கண்ணயர்பவருக்குக் காலை 7 மணிதான் நடுச்சாமம்.

மார்க்கம் காட்டித் தந்த ஒழுக்கம்

கையடக்கத் தொலைபேசி புதிது. அனுமதி கேட்கும் ஒழுக்கம் எமக்குப் புதிதல்ல. ஸூரா அந்நூரின் 58 ஆவது வசனம் மூன்று நேரங்களைத் தனிமைக்குரியவையாகப் பிரித்துக் காட்டுகிறது: ஸுபஹுக்கு முந்திய நேரம், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல் நேரம், இஷாவுக்குப் பிந்திய நேரம். இந்த மூன்று நேரத்திலும் வீட்டில் வேலை செய்பவர்களும், பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைக்கே இந்த விதி என்றால், கடைக் கணக்கோடு வரும் வெளியாளின் செய்திக்கு என்ன விதி என்று நாமே சிந்தித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சம்பவம் வியாபாரிகளுக்கென்றே நடந்தது போன்றது. உமர் (ரழி) அவர்களின் வீட்டுக்கு வந்த அபூ மூஸா அல் அஷ்அரீ (ரழி) அவர்கள் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிப் போய்விட்டார்கள். ஏன் திரும்பினீர் என்று பின்னர் விசாரித்தபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை எடுத்துச் சொன்னார்கள். அதற்கு உமர் (ரழி) அவர்கள் சாட்சி கேட்டார்கள். அபூ ஸஈத் அல் குத்ரீ (ரழி) அவர்கள் வந்து உறுதிப்படுத்தினார்கள். சந்தையில் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டிருந்ததால் இந்த விடயம் தமக்குத் தெரியாமல் போய்விட்டது என்று உமர் (ரழி) அவர்கள் அப்போது வருந்திக்கொண்டார்கள். இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. வியாபாரப் பரபரப்பு அனுமதி கேட்கும் ஒழுக்கத்தை மறைத்துவிடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இரவில் நாலு தடவை "ஹலோ" அனுப்பி, பதில் இல்லையென்றால் அழைப்பும் எடுத்துப் பார்ப்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும். பதில் வராததும் ஒரு பதில்தான்.

அதிகாலையில் பரக்கத் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஸக்ர் அல் ஃகாமிதீ (ரழி) அவர்கள் ஒரு வியாபாரி. தமது சரக்குகளை நாளின் ஆரம்பத்திலேயே அனுப்பி வைப்பார்கள், அதனால் செல்வம் பெருகியது என்று திர்மிதி, அபூதாவூத் ஆகிய கிரந்தங்களில் வருகிறது. கவனியுங்கள், அவர் அதிகாலையில் அனுப்பியது தமது சரக்கை. அடுத்தவரின் தூக்கத்தைக் கலைத்தாக அதில் இல்லை. அதிகாலையை எமது வேலைக்குப் பயன்படுத்துவோம்: கணக்கு எழுதுவோம், பட்டியல் தயாரிப்போம், சரக்குக் கட்டுவோம். செய்தியை மட்டும் கொஞ்சம் பொறுத்து அனுப்புவோம்.

கடன் கேட்கும் செய்தி

எமது வியாபாரம் நடப்பது கடனிலும் திகதி போட்ட காசோலையிலும்தான். ஆகவே எம்மிடையே போகும் செய்திகளில் மிகவும் கூர்மையானது கடன் கேட்கும் செய்தி.

கொழும்பில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், கிழக்கிலே ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் பல வருடங்களாகக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து வந்தார். இருவரையும் எனக்குத் தெரியும். ஒரு தடவை 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா காசோலை ஒன்றின் திகதி வந்தது. முந்திய நாள் இரவு 11.40 மணிக்கு மொத்த வியாபாரி செய்தி அனுப்பினார்: "நாளைக்கு செக் போடுறன். திரும்பினா நான் பொறுப்பில்ல." கடைக்காரர் தூங்கிவிட்டார். தலைமாட்டில் வெளிச்சம் வந்த தொலைபேசியை மனைவி எடுத்துப் பார்த்தார். கணவருக்கு இப்படி ஒரு நெருக்கடி இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. அந்த வீட்டில் அன்றிரவு அதன் பின் எவரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை கடைக்காரர் பணத்தை வைப்பிலிட்டார். காசோலை பாஸாகியது. இரண்டு மாதத்தில் பழைய நிலுவை முழுவதையும் கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பக்கத்து வீதியில் வேறொரு கடையில் கொள்வனவு செய்கிறார். என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "அவர் காசு கேட்டது பிழையில்ல காக்கா. அவர்ட காசு, கேக்கத்தான் வேணும். கேட்ட நேரம்தான் பிழை."

அந்த 11.40 மணிச் செய்தியால் மொத்த வியாபாரிக்குக் கிடைத்த இலாபம் என்ன? வங்கி திறக்கும் வரை கடைக்காரரால் எதுவும் செய்ய முடியாது. 2015 முதல் வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி எமது நாட்டில் இருப்பது உண்மை. ஆனால் கணக்கில் இருக்கும் பணத்தைத்தானே அப்படி அனுப்பலாம்? சில்லறைக் கடைக்காரரின் பணம் லாச்சியிலும், மற்றவர்களிடமிருந்து வர வேண்டிய கடனிலும் கிடக்கிறது. அதைத் திரட்ட அவருக்கு ஒரு பகல் வேண்டும். அந்தப் பகலைக் கொடுக்காமல் இரவை மட்டும் கெடுப்பது வசூலிக்கும் வழியல்ல.

அதே செய்தியை இப்படி அனுப்பியிருக்கலாம்: "அஸ்ஸலாமு அலைக்கும். 15 ஆம் திகதிக்குரிய 1,80,000 ரூபா காசோலையை நாளை மறுநாள் வங்கியில் போடுகிறேன். ஏதும் சிரமம் இருந்தால் நாளை பகல் 12 மணிக்கு முன் சொல்லுங்கள், பேசிக்கொள்வோம்." இதை இரண்டு நாளைக்கு முன், காலை 9 மணிக்கு, கடைக்குத் தொடர்பான இலக்கத்துக்கு அனுப்பினால் போதும். ஆள் இருக்கும் இடம் கடை. அவருக்கு ஓடித் திரிய நேரமும் இருக்கிறது. மானமும் காப்பாற்றப்படுகிறது. விற்கும்போதும், வாங்கும்போதும், தனது உரிமையைக் கேட்கும்போதும் இலகுவாக நடந்துகொள்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் அருள் வேண்டிப் பிரார்த்தித்திருக்கிறார்கள். கேட்கும் நேரமும் அந்த இலகுவில் சேர்ந்ததுதான்.

ஊழியருக்கு அனுப்பும் செய்தி

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. அந்தச் சட்டம் எழுதியபோது தலையணைக்குக் கீழே தொலைபேசி இருக்கவில்லை. இன்று கடை 6 மணிக்கு மூடினாலும் முதலாளியின் குரல்பதிவு 10 மணிக்கு வருகிறது. "தம்பி, அந்த நீலக் கலர் எத்தனை பீஸ் இருக்கு?" என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் பதில் தெரிந்தாலும் விற்க முடியாது. ஆனால் அந்தத் தம்பி எழும்பி உட்கார்ந்து யோசிக்கிறார். பதில் சொல்லாவிட்டால் நாளைக்கு முகம் கோணும் என்று பயப்படுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கணக்கு வேலை பார்த்த ஓர் இளைஞர், சம்பளம் குறைந்த இன்னொரு இடத்துக்குப் போனார். ஏன் என்று கேட்டேன். "அங்க ஆறு மணிக்குப் பிறகு நான் என்ட உம்மாவோட இருக்கலாம் நானா" என்றார். ஊழியர் கிடைப்பதில்லை, கிடைப்பவர் வெளிநாடு போய்விடுகிறார் என்று அடிக்கடி குறைப்படுகிறோம். இருப்பவரைத் தக்கவைக்க இப்படியான செலவில்லாத வழியும் இருக்கிறது.

வெளிநாடுகளில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை நடைமுறைக்கு வந்தது. போர்த்துக்கல் 2021 இல் நிறைவேற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்வதிலிருந்து முதலாளி விலகியிருக்க வேண்டும் என்றது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கும், 2025 ஓகஸ்டில் சிறு வியாபாரங்களுக்கும் இவ்வாறான உரிமை வந்தது. சட்டம் வந்துதான் எமது ஊழியரின் இஷாவுக்குப் பிந்திய நேரத்தை நாம் மதிக்க வேண்டும் என்றில்லை.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தி

புதுச் சரக்கு வந்துவிட்டது, கழிவு விலை, வெள்ளிக்கிழமை வாழ்த்து என்று நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே தட்டில் செய்தி அனுப்பலாம். ஜும்ஆ முபாரக் பூப்படத்தை அதிகாலை 4.45 மணிக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பும் கடைகள் உண்டு. நல்ல நிய்யத்துத்தான். ஆனால் தூக்கம் கலைந்து பார்ப்பவர் கடையின் பெயரை துஆவோடு நினைப்பாரா, சலிப்போடு நினைப்பாரா? இரண்டாம் தடவையில் அந்த இலக்கத்தை முடக்கிவிடுவார். அதன் பின் எமது பெருநாள் விற்பனைச் செய்தியும் அவருக்குப் போகாது.

இந்தியாவில் 2011 இல் நடைமுறைக்கு வந்த விதிமுறை, இரவு 9 மணிக்கும் காலை 9 மணிக்கும் இடையில் வியாபார விளம்பரச் செய்திகள் அனுப்புவதைத் தடை செய்தது. அமெரிக்காவில் தொலைபேசி மூலம் விற்பனை செய்பவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வீடுகளுக்கு அழைக்கக் கூடாது. அந்த மணியைக் கணக்கிடுவது அழைப்பவரின் ஊர் நேரப்படி அல்ல, பெறுபவரின் ஊர் நேரப்படி. நேரம் பெறுபவருடையது என்பதை அந்தச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது.

பெண் வாடிக்கையாளர் விடயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அபாயா, புடைவை, நகை, அழகுசாதனம் விற்பவர்களுக்குப் பெண்களின் இலக்கங்கள் நிறையக் கையில் இருக்கும். "நீங்கள் கேட்ட கலர் வந்திருக்கிறது" என்பது பகல் 11 மணிக்கு வியாபாரச் செய்தி. அதே வசனம் இரவு 11 மணிக்கு ஓர் ஆணின் சொந்த இலக்கத்திலிருந்து போனால் அந்த வீட்டில் வேறு கேள்விகள் எழும். அனுப்பியவர் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வாசிப்பவர் மனதை யார் அறிவார்? கடைக்கென்று தனி இலக்கம், கடையின் பெயரில் செய்தி, கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் என்ற மூன்று கட்டுப்பாடும் இங்கே கட்டாயம்.

கடல் கடந்த கொள்வனவு

சீனாவிலிருந்தும் டுபாயிலிருந்தும் இறக்குமதி செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. எமது நேரத்தைவிடக் குவாங்சூ, யீவு நகரங்கள் இரண்டரை மணித்தியாலம் முந்தி இருக்கின்றன. டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி இருக்கிறது. பாங்கொக் ஒன்றரை மணித்தியாலம் முந்தி.

இங்கே கடையைத் திறந்து 9.30க்குச் சீனாவுக்குச் செய்தி அனுப்பினால் அங்கே பகல் 12. உணவும் ஓய்வுமாக இரண்டு மணி வரை பலர் பதில் தரமாட்டார்கள். இரவு 8.30க்கு ஆறுதலாக இருந்து அனுப்பினால் அங்கே 11 மணி. ஆகவே சீனாவுக்குக் காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், அல்லது நண்பகல் 12க்குப் பின் அனுப்புவது பொருத்தம். டுபாய்க்கு மறுதலை. இங்கே காலை 8 என்றால் அங்கே ஆறரை. அங்குள்ளவருக்கு எமது நண்பகலுக்குப் பின் அனுப்பலாம். இங்கே இரவு 9 என்றாலும் அங்கே ஏழரைதான். சுருக்கமாக: முதலில் சீனா, பிறகு டுபாய். விடுமுறை நாளையும் பார்க்க வேண்டும். சவூதியில் 2013 முதல் வெள்ளி, சனி விடுமுறை. ஐக்கிய அரபு இராச்சிய அரச அலுவலகங்களுக்கு 2022 ஜனவரி முதல் வெள்ளி அரைநாள், சனி, ஞாயிறு விடுமுறை.

"போனை நிறுத்திவிட்டுத் தூங்கட்டுமே!"

இப்படி வாதிடுபவர்கள் உண்டு. தூங்குபவர் சத்தத்தை நிறுத்தி வைக்கலாம், எமக்கு நினைவு வந்த நேரத்தில் அனுப்பிவிடுகிறோம், அவர் காலையில் பார்க்கட்டும் என்பார்கள். ஓரளவு நியாயம்தான். ஆனால் எமது வீடுகளின் நிலைமை என்ன? ஊரில் வயதான உம்மா, வாப்பா. கட்டாரில் மகன். பாதையில் சரக்கு லொறி. ஸுபஹுக்கு எழுப்பும் அலாரமும் அதே தொலைபேசியில். எப்படி நிறுத்தி வைப்பது?

இரவு 11 மணிக்குப் பின் தொலைபேசி சத்தமிட்டால் எமது வீடுகளில் முதலில் வரும் எண்ணம் மவுத்துச் செய்திதான். மனிதர் பதறிப்போய் எடுக்கிறார். பார்த்தால், "நாளைக்கு 10 பெட்டி பிஸ்கட் அனுப்புங்க." அந்த ஒரு கணப் பதற்றத்துக்கு எந்த ஓர்டரும் ஈடாகாது. இருதய நோயாளிகள் எத்தனை பேர் எமது வியாபாரிகளுக்குள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உண்மையான அவசரம் வேறு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகள் நீரில் மூழ்கின. அப்படியான நிலையில் களஞ்சியத்துக்குள் தண்ணீர் வருகிறது என்று நள்ளிரவில் எழுப்புபவர் பேருபகாரி. தீ, திருட்டு, விபத்து, வெள்ளம் என்றால் நேரம் பார்க்க வேண்டாம். ஆனால் அப்போது செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்; நேரடியாக அழையுங்கள். எடுத்தவுடன் முதல் வசனத்தில், "ஆளுக்கு ஒன்றுமில்லை, சரக்கு விஷயம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தால் அவருடைய மூச்சு திரும்பும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. அனுப்பும் முன் ஒரு கேள்வி: இதை வாசித்து அவர் இப்போது ஏதும் செய்ய முடியுமா? முடியாதென்றால் அவருடைய கடை திறக்கும் வரை பொறுங்கள்.

2. இரவில் நினைவு வந்தால் எழுதி வையுங்கள். ஒரு துண்டுக் காகிதம் போதும். வட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதியும் 2022 இல் வந்திருக்கிறது. காலையில் அதை எடுத்து உரியவருக்கு அனுப்பலாம்.

3. நேரம் குறித்து வைத்து அனுப்பும் வசதியைப் பழகுங்கள். ஜிமெயிலில் 2019 முதல் இது இருக்கிறது. ஐபோன்களுக்குள் பரிமாறும் செய்திகளில் 2024 இல் வந்தது. இரவில் எழுதினாலும் காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்.

4. 2018 இல் அறிமுகமான வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் கடை நேரத்தைக் குறித்து வைக்கலாம். மூடிய நேரத்தில் வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும். "உங்கள் செய்தி கிடைத்தது. இன்ஷா அல்லாஹ் காலை 9 மணிக்குப் பின் பதில் தருகிறோம்" என்று போட்டு வையுங்கள். வாடிக்கையாளரும் திருப்தி, நீங்களும் நிம்மதி.

5. வெறும் "ஹலோ", "இருக்கீங்களா?" என்று மட்டும் அனுப்ப வேண்டாம். ஸலாம், விஷயம், தொகை, எப்போதுக்குள் பதில் வேண்டும் என்பதை ஒரே செய்தியில் எழுதுங்கள்.

6. ஒருவர் இணைப்பில் இருப்பது பச்சைக் கொடி அல்ல. அவர் மகளோடு பேசிக்கொண்டிருக்கலாம். கடை திறந்திருப்பது வேறு, ஆள் விழித்திருப்பது வேறு.

7. புதிதாக ஒருவரோடு வியாபாரம் தொடங்கும்போது விலை, தவணை பேசுவது போல், "எந்த நேரத்தில் தொடர்புகொள்வது வசதி?" என்றும் கேட்டு, அவருடைய இலக்கத்துக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். கேட்ட மாத்திரத்திலேயே உங்கள் மீது அவருக்கு மதிப்பு வரும்.

8. தவறான நேரத்தில் எவராவது உங்களுக்கு அனுப்பினால் சண்டைக்குப் போக வேண்டாம். காலை 9 மணிக்குப் பதில் போடுங்கள். இரண்டு மூன்று தடவையில் அவரே விளங்கிக்கொள்வார். நள்ளிரவில் உடனுக்குடன் பதில் கொடுப்பவருக்குத்தான் நள்ளிரவுச் செய்திகள் பெருகும்.

என் கடையில் காலை எட்டரைக்கு முன்னும் இரவு எட்டு மணிக்குப் பின்னும் வியாபாரச் செய்தி எதுவும் வெளியே போவதில்லை. இதனால் ஓர் ஓர்டரும் தவறியதில்லை, அல்ஹம்துலில்லாஹ். மாறாக, காலையில் போகும் செய்திக்குப் பதில் சீக்கிரம் வருகிறது. ஏனெனில் அது வந்து சேரும்போது மறுபக்கத்தில் ஆள் கடையில் இருக்கிறார், கையில் பேனா இருக்கிறது, லாச்சி திறந்திருக்கிறது.

எமது மூத்த வியாபாரிகள் கடன்காரரைச் சபையில் வைத்துக் கேட்கமாட்டார்கள். தனியாக அழைத்து, தேநீர் கொடுத்து, மெதுவாகக் கேட்பார்கள். அந்த நாகரிகத்தால்தான் கையெழுத்து இல்லாமலேயே இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. தேநீர்க் கோப்பையின் இடத்துக்குத் தொலைபேசி வந்துவிட்டது. அந்த நாகரிகம் அதிலும் தொடர வேண்டும். இன்றிரவே செய்து பார்க்கலாம்: எழுதிய செய்தியை அனுப்பாமல் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அநேகமான செய்திகளில் ஒரு கடுமையான சொல்லை நீங்களே அழித்துவிட்டுத்தான் அனுப்புவீர்கள்.